முதுகுக்குப் பூக்கட்டிப் பார்த்தேன்

இதைப் படிக்கும் அம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். நான் எழுதிப் பழகியவள் இல்லை, சேலை விற்றுப் பழகியவள். சொல்வதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்க முடியாமல் கிடந்த என்னை அம்மன் நடக்க வைத்தாள். இது உண்மை. என் இடது கால் கட்டைவிரலை இன்றுவரை என்னால் தூக்க முடியவில்லை. அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது சாட்சி ஆகும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தனலட்சுமி. வீடு ஒத்தக்கடையில். வேலை காளவாசலில், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில். வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். ஒரு சேலை எடுக்க வந்தவர்கள் ஒரு பீரோ சேலையைப் பிரிக்கச் சொல்வார்கள். கடைசியில் முதலில் பார்த்ததையே எடுப்பார்கள், அல்லது அடுத்த கடையில் பார்த்துவிட்டு வருகிறோம் என்பார்கள். எல்லாவற்றையும் குனிந்து மடித்து, கட்டுக் கட்டாகத் தூக்கி மேல் தட்டில் வைக்க வேண்டும். இதையே வருஷக்கணக்காகச் செய்து வந்தேன்.

ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் தைலம் தேய்த்தேன். பிறகு மாத்திரை, பிறகு பெல்ட். வலி இடுப்போடு நிற்கவில்லை. பின்தொடை வழியாக இறங்கிப் பாதம் வரைக்கும் கரண்ட் அடிப்பது போல ஓடியது. ஒத்தக்கடையிலிருந்து காளவாசல் போகும் வழியில் வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்பது பஸ் டிரைவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

தை மாதம் என் வீட்டுக்காரர் என்னைப் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவர் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீஷியன். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் விடமாட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். கீழ் முதுகில் ஒரு எலும்பு தன் இடத்தை விட்டு முன்னால் நழுவியிருக்கிறது, அது நரம்பை நசுக்குகிறது என்று டாக்டர் படத்தில் தொட்டுக் காட்டினார். முன்பு போல முதுகை நீளமாகத் திறக்க வேண்டியதில்லையாம். சின்னச் சின்னதாகக் கீறி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூ போட்டு, அந்த எலும்பைக் கீழே உள்ள எலும்போடு சேர்த்துவிடுவார்களாம். மறுநாளே நடக்கலாம் என்றார். காலில் மதமதப்பு இருப்பதால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.

தள்ளிப்போட வேண்டாம் என்பதை என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு ஸ்க்ரூ என்பது மட்டும்தான் கேட்டது.

எனக்கு ஒரே ஒரு அக்கா, ராஜாத்தி. வாடிப்பட்டியில் இருக்கிறாள். விஷயத்தைப் போனில் சொன்னதும் அலறிவிட்டாள். அவள் தெருவில் ஒருவர் இருந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அதன்பிறகு அவர் கட்டிலை விட்டு எழவே இல்லை. அக்கா தண்ணீர்க் குழாய்க்குப் போக அந்த வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் சாகும்வரை தினமும் அந்த முனகலைக் கேட்டவள் அவள். முதுகில் கத்தி பட்டால் படுத்த படுக்கைதான் என்பது அவள் மனதில் ஊறிப்போயிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி என் மனதிலும் ஊறவைத்தாள்.

சாமியிடம் உத்தரவு கேட்போம் என்றாள் அக்கா. நானும் சரி என்றேன்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் கண்மாய்க் கரையில் எங்கள் காளியம்மன் இருக்கிறாள். பெண் பார்ப்பது, இடம் வாங்குவது, கிணறு வெட்டுவது, எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அவளிடம் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம் இல்லை. அப்படியே கண்மாயில் போட்டுவிடுவோம்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். என்னால் தரையில் உட்கார முடியாது. அதனால் அக்காதான் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். பூசாரி எடுத்துத் தந்ததை நான் பிரித்தேன். செவ்வரளி.

இதை மறைக்காமல் சொல்கிறேன். சிவப்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டாம் என்று அம்மனே சொல்லிவிட்டாள், இனி யார் என்னை என்ன கேட்க முடியும் என்று நினைத்தேன். அக்கா மற்ற பொட்டலத்தைக் கண்மாயில் போட்டுவிட்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. கண்மாய்த் தண்ணீரில் நனைத்ததால் என்று எண்ணிக்கொண்டேன்.

"ஸ்கேன்ல தெரியிற கோளாறு பூவுல எப்படித் தெரியும் தனம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சாமி விஷயத்தில் வாயை வைக்காதீர்கள் என்று நான் சொன்னதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சண்டை போட்டாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

அதன்பிறகு யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில், உத்தரவு இல்லை. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு வருஷம் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்த மாதிரி இருந்தது. அம்மன் குணப்படுத்துகிறாள் என்று அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் உடனே பேச்சை மாற்றிவிட்டாள். நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் வலி குறைந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பஸ் படியில் இடது கால் விரல் இடிக்கத் தொடங்கியது. நடந்தால் பாதம் தரையில் டப் டப் என்று அடித்தது. கூட வேலை பார்க்கும் பெண்கள், தனம் அக்கா வருவது மாடியிலிருந்தே கேட்கிறது, இனி அவருக்குத் தெரியாமல் கதை பேசிக்கொண்டிருக்க முடியாது என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆடித் தள்ளுபடி வந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டு கையிலும் சேலைக் கட்டோடு திரும்பியபோது இடது பாதம் மடங்கிக்கொண்டது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பத்தின் முன்னால் குப்புற விழுந்தேன். எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ பூட்டுப் போட்டுவிட்டது போல இருந்தது. அவ்வளவு வலியிலும், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் முன்னால் அபசகுனமாகக் கிடக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் படுக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது. பாத்ரூமுக்கு வீட்டுக்காரர் தூக்கிப் போனார். அவர் வேலைக்குப் போனதும் தரையில் பாயில் கிடப்பேன். ஆபரேஷனுக்குப் போகலாம் என்றால் உத்தரவு இல்லை. போகாமல் கிடக்கலாம் என்றால் கால் போய்விடும். சாமி சொன்னதை மீறினால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். இப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. செத்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. சாமி அலமாரி வரைக்கும் போக முடியவில்லை. சுவரில் அம்மன் காலண்டர் இருந்தது. படுத்தபடியே அதைப் பார்த்துச் சத்தம் போட்டுப் பேசினேன். "எனக்கு உத்தரவு வேணாம் தாயி. தைரியம் குடு. உனக்கு என்ன இஷ்டமோ அத எனக்குப் புரியிற மாதிரி யாரு வாயாலயாவது சொல்லு. பூவ அனுப்பாத." குழந்தை மாதிரி அழுதேன். அத்தனை வருஷம் பட்டும் படையலுமாகக் கும்பிட்டதெல்லாம் ஒரு பக்கம், அன்றைக்கு அழுத அழுகை ஒரு பக்கம்.

அன்று சாயங்காலமே அக்கா வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தூக்குவாளியில் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதுவுமாகக் கருவாடு சமைத்திருக்கிறாளே என்று நான் திட்ட வாயெடுத்தேன். கிழமை பார்க்கிற நிலையில் அவள் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாயில் உட்கார்ந்தவள் என் காலைப் பார்த்தாள். பாத்ரூம் வாசலில் இடித்து இடது கட்டைவிரல் நகம் பெயர்ந்து, ரத்தம் பாயில் ஊறிக் காய்ந்திருந்தது. மத்தியானம் முழுக்க அது எனக்குத் தெரியவில்லை.

"வலிக்கலையாடி?" என்று கேட்டாள்.

"தெரியவே இல்லக்கா" என்றேன்.

அக்கா தன் முந்தானையால் விரலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டுலயும் செவ்வரளிதான்டி வச்சேன். வெள்ளைப் பூவ இடுப்புல சொருகிக்கிட்டேன். நீயும் அவரு மாதிரி கெடந்துருவியோன்னு பயந்துட்டேன் தனம்."

எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அம்மன் என்னிடம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்பது மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயரைச் சொல்லிப் பயம்தான் பேசியிருக்கிறது. பொட்டலம் கட்டியது அக்கா பயம், அதைப் பிரித்துச் சந்தோஷப்பட்டது என் பயம். மத்தியானம் யார் வாயாலாவது சொல்லு என்று கேட்டேன், பொழுது சாய்வதற்குள் அக்கா வாயால் சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையில் இதைவிடத் தெளிவாக ஒரு வேண்டுதலுக்குப் பதில் வந்ததில்லை.

வீட்டுக்காரர் வந்ததும் அக்கா அவரிடமும் தானே சொன்னாள். கத்தப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். நீங்களும் கூட வாங்க மதினி. நீங்க இருந்தாத்தான் அவ பயப்படாம இருப்பா" என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் தள்ளிப் போகும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயம் இருந்தது, ஆனால் அது என்னைப் பேசவிடாமல் செய்யவில்லை. கேட்ட தைரியம் கிடைத்திருந்தது. மயக்கம் தெளிந்தபோது முதுகில் கனமாக ஒரு வலி, ஆனால் காலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் நின்றிருந்தது. தையல் எங்கே எங்கே என்று தேடும்படி சின்னச் சின்னதாக இருந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, உடம்பை முறுக்காமல் ஒருக்களித்து எழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து எழுப்பினார். கட்டில் ஓரத்தில் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். நான் எழுந்து நின்று நாலு எட்டு வைத்து அவளிடம் போய், கண்ணைத் திற என்றேன். அவள் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒப்பாரி வைத்தாள். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தார்கள்.

எல்லோருக்கும் எல்லாமே சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதே வார்டில் ஒரு அண்ணனுக்கு இதே மாதிரி ஆபரேஷன் நடந்தது. அவருக்கு வலி பாதிதான் போனது. எதிர்க் கட்டிலில் இருந்த ஆசிரியை ஒரே மாதத்தில் பள்ளிக்கூடம் போனார். எலும்பைச் சேர்ப்பது எங்கள் கையில், நரம்பு திரும்புவது எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். மூன்று மாதம் குனியாமல், எதையும் தூக்காமல் இருந்தேன். அக்கா வாடிப்பட்டியில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என்னோடு இருந்தாள். குடம் தூக்கினாள், என் துணியைத் துவைத்தாள், தினமும் பிசியோதெரபி பயிற்சி செய்ய வைத்தாள். கட்டைவிரலைத் தூக்கு, தூக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து தானும் தன் விரலைத் தூக்கிக் காட்டுவாள். அவள் விரல் எழும்பும், என் விரல் எழும்பாது.

ஒரு வருஷம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். வலி போய்விட்டது. பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன். சேலைப் பிரிவில் இப்போது என்னைச் சேர்ப்பதில்லை, பில் போடும் இடத்தில் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். பட்டைப் பிரித்து வீசும்போது எழும் அந்தச் சரசரப்பைத் தூரத்திலிருந்து கேட்கிறேன். கை துறுதுறுக்கும்.

டாக்டர் என் இடது கால் கட்டைவிரலைப் பிடித்து, தூக்குங்கள் என்றார். லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். முன்னாலேயே வந்திருந்தால் முழுசாகத் திரும்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் என்றார். பிறகு, அவ்வளவு நாள் ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். அக்கா பக்கத்தில் நின்றாள்.

"பயந்துட்டேன் சார்" என்றேன்.

அது பொய் இல்லை.

நான் நன்றி சொல்லப் பொங்கல் வைக்கப் போனபோது அக்கா கோயிலுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். அடுத்த முறையும் அப்படித்தான். நான் மன்னித்துவிட்டேன், அம்மன் மன்னிக்கமாட்டாளா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவ மூஞ்சியில எப்படிடி முழிப்பேன் என்பாள். நான் செயலிழந்த என் காலை நினைத்து வருத்தப்பட்டேன். அக்காவுக்கு அவள் அம்மனே போய்விட்டாள். அது எனக்குக் காலைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது. அதன்பிறகு நான் விரலுக்காகக் கும்பிடுவதை விட்டுவிட்டேன். அக்காவை உள்ளே கூப்பிட்டுக்கொள் தாயே என்று மட்டும் கேட்டேன்.

போன பங்குனியில் நான் உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கையில் ஆஸ்பத்திரி ஸ்கேன் உறையோடு வந்து, பூசாரி முன்னால் இரண்டு வெற்றிலைப் பொட்டலத்தை வைத்தாள். புருஷனுக்கு நெஞ்சில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், அம்மாதான் உத்தரவு தரவேண்டும் என்று அழுதாள். எனக்குப் பகீர் என்றது. முன்பின் தெரியாதவளிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தடுமாறி நின்றேன். பூசாரி குனிந்தார்.

அப்போது யாரோ வேகமாக உள்ளே வந்து பூசாரியின் கையைத் தள்ளினார்கள். அக்கா.

"என்ன வேணும்னாலும் அவகிட்டக் கேளு தாயி. டாக்டரு சொல்ல வேண்டியத மட்டும் இங்க கேக்காத" என்றாள். அந்தப் பெண் மிரண்டுபோய், நீங்கள் யார் என்றாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "தனம், காலக் காட்டு. வெரலத் தூக்கு."

சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, அம்மன் சன்னதியில் நின்று என் இடது காலைக் காட்டினேன். வலது கட்டைவிரலைத் தூக்கினேன். இடது விரல் எழும்பவில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டிலும் சிவப்பு வைத்ததை, வெள்ளைப் பூவை இடுப்பில் செருகியதை, எதையும் விடாமல் பூசாரி கேட்க, அந்தப் பெண் கேட்க, அம்மன் கேட்கச் சொன்னாள்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் என் காலையே பார்த்தாள். பிறகு பொட்டலங்களைப் பிரிக்காமல் அம்மன் காலடியிலேயே விட்டுவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவள் புருஷன் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

அவள் போனபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. திரும்பி ஓடிவிடுவாளோ என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடவில்லை. நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

அம்மன் பிள்ளைகளே, அவளை நம்புங்கள். தைரியம் கேளுங்கள், நல்ல டாக்டரைக் காட்டச் சொல்லுங்கள், தியேட்டருக்குள் கூட வரச் சொல்லுங்கள். அவள் வருவாள், எனக்கு வந்தாள். உங்கள் பயத்தை அவள் வாயில் வைத்துப் பேச வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எங்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா இப்போது எனக்கு முன்னால் கோயிலுக்குள் போய்விடுகிறாள். நான்தான் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போகிறேன்.